முத்து: பூட்டி வைத்தால் கெட்டுப்போகும் நகை

பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கிப் பெட்டகத்தில் வைத்த முத்துச் சரத்தைப் பேத்தியின் கல்யாணத்துக்காக வெளியே எடுக்கிறார்கள். தங்கக் கொக்கி அன்று போலவே மின்னுகிறது. முத்துகள் மட்டும் மங்கிப்போய், சிலவற்றில் மெல்லிய விரிசலும் விழுந்திருக்கிறது. முத்துக் கோர்ப்பது என் தொழில் என்பதால் இப்படிப்பட்ட சரங்கள் என் கைக்கு அடிக்கடி வருகின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். யாரும் அலட்சியமாக விட்டதால் இது நடக்கவில்லை, அதிகமாகப் பாதுகாத்ததால்தான் நடந்தது. முத்து என்பது என்ன, அது எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

நவரத்தினங்களில் ஏழு, பாறையிலும் மண்ணிலும் கிடைக்கும் கனிமங்கள். மீதி இரண்டான முத்தும் பவளமும் கடலில் வாழும் உயிர்கள் உண்டாக்குபவை. வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் சரியாக இருக்கும் பராமரிப்பு முத்துக்கு ஆகாமல் போவதற்கு இந்த ஒரு வேறுபாடுதான் காரணம்.

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. யானைத் தந்தத்திலும் மூங்கிலிலும் மேகத்திலும்கூட முத்துப் பிறக்கும் என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது வேறு: சிப்பிக்குள் மணல் போனால் முத்து வரும். அதுவும் பெரும்பாலும் சரியல்ல. கடலடியில் வாழும் சிப்பிக்கு மணல் புதிதல்ல, உள்ளே வந்தால் வெளியே தள்ளிவிடும்.

உண்மையில் நடப்பது இதுதான். சிப்பி ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மேன்டில் என்ற மெல்லிய சதை இருக்கிறது. ஓட்டின் உள்பக்கம் பளபளக்கிறதே, அந்தப் பூச்சைச் சுரப்பது மேன்டிலின் செல்கள்தான். ஓர் ஒட்டுண்ணி துளைத்துக்கொண்டு வரும்போதோ, காயம் ஏற்படும்போதோ அந்தச் செல்களில் சில உட்சதைக்குள் தள்ளப்பட்டுவிடுகின்றன. அங்கே அவை பெருகி ஒரு சின்னப் பையாக மாறுகின்றன. இடம் மாறினாலும் வேலை மாறவில்லை. பைக்குள் அதே பூச்சைச் சுரந்துகொண்டே இருக்கின்றன, அடுக்கின் மேல் அடுக்காக அது சேர்ந்து முத்தாகிறது.

இந்தப் பூச்சுக்கு நேக்கர் என்று பெயர். அதில் பெரும்பகுதி அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். அது மிக நுண்ணிய தகடுகளாக இருக்கும். தகடுகளுக்கு நடுவே கொங்கியோலின் என்ற புரதம், செங்கல்லுக்கு நடுவே சாந்து போல ஒட்டிப் பிடித்திருக்கிறது. கூடவே கொஞ்சம் நீரும் உண்டு. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன்தான், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் ஒளி பல அடுக்குகளிலிருந்து திரும்பும்போது ஒன்றோடொன்று கலந்து, முத்தின் மேல் இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் ஓடுவதாகத் தெரிகிறது. பட்டை தீட்டாமலே முத்து ஒளிர்வதன் காரணம் இந்த அடுக்குகள்.

முத்துக்கு எதெல்லாம் ஆகாது என்பதையும் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10 என்றால் முத்து 2.5 முதல் 4.5 வரைதான், எளிதில் கீறும். புரதத்திலும் அடுக்குகளிலும் உள்ள நீர் வற்றினால் நேக்கர் விரிசல் விடும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவிலிருந்து

அபுதாபியின் மராவா தீவில் அகழ்வாய்வில் கிடைத்த ஒரு முத்து ஏறத்தாழ 8,000 ஆண்டு பழமையானது என்று 2019இல் அறிவித்தார்கள். பாரசீக வளைகுடாவும் செங்கடலும் மன்னார் வளைகுடாவும்தான் பழைய உலகத்துக்கு முத்துக் கொடுத்த கடல்கள். இவற்றில் மன்னார் நம்முடையது என்பதால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் கொற்கை என்ற பாண்டியர் துறைமுகம் இருந்தது. இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூராக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பேடு இந்த ஊரைக் கொல்கோய் என்கிறது. பாண்டிய நாட்டுக்குச் சொந்தமான இந்த முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை ஈடுபடுத்தினார்கள் என்றும் சொல்கிறது. அழகான ஆரத்தின் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை மறைக்கக் கூடாது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறார். குளிப்பவர்களைச் சுறா தாக்காமல் இருக்க மந்திரம் போடுபவர்கள் படகோடு போவார்களாம். அவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பார் எனப்படும் சிப்பிப் படுகைக்கு இறங்குவார். கையில் எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, பிறகு அலசித்தான் முத்தைப் பொறுக்குவார்கள். அத்தனை சிப்பியிலும் முத்து இருக்காது, மிகச் சிலவற்றில்தான் இருக்கும்.

கடலோர மீனவர்களான பரதவர் இறங்கி எடுத்தார்கள், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள் அதை வாங்கி ஊர் ஊராக விற்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், பிறகு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தக் கடலைப் பிடிக்கப் போட்டியிட்டதற்கு முத்து ஒரு முக்கியக் காரணம். தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக 1961இல் முத்துக்குளிப்பு நடந்தது. முத்துநகர் என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் பதித்திருக்கிறார்கள். முத்துகளை வெறும் முத்து என்று எழுதவில்லை. வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ரகம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். உருண்டை எவ்வளவு சரியாக இருக்கிறது, அளவு என்ன, மேற்பரப்பு கரடுமுரடா, இரண்டு ஒட்டிப் பிறந்ததா, ஒளி எப்படி, நிறம் எப்படி என்று பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கும் முத்தின் தரத்தை இப்படித்தான் பார்க்கிறோம். கடையில் அடுத்த முறை முத்தைக் கையில் எடுக்கும்போது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இந்தப் பட்டியலை வைத்தே பார்க்கலாம். ஒன்றே ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: எல்லாவற்றுக்கும் மேல் ஒளியைப் பாருங்கள். சின்ன முத்தாக இருந்தாலும் அதில் உங்கள் முகமும் கடை விளக்கும் தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல முத்து. பெரிதாக இருந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி தெரிந்தால் வேண்டாம்.

வளர்ப்பு முத்து

1893இல் ஜப்பானின் மிக்கிமோட்டோ கோகிச்சி சிப்பிக்குள் மனிதக் கையால் தொடங்கி வைத்த அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்தார். முழு உருண்டை முத்துக்கான முறையை இன்னும் சில ஜப்பானியர்கள் கண்டுபிடிக்க, 1920களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. இயற்கை முத்தின் விலை எந்த உயரத்தில் இருந்தது தெரியுமா? 1917இல் நியூயார்க் ஃபிப்த் அவென்யூவில் இருந்த ஒரு மாளிகையை கார்ட்டியே நகை நிறுவனம் இரட்டைச் சர முத்து மாலை ஒன்றையும் 100 டாலரையும் கொடுத்து வாங்கியது. கொஞ்ச காலத்திலேயே அந்த விலை சரிந்தது. பஹ்ரைன், குவைத் போன்ற வளைகுடா ஊர்களின் முத்துத் தொழில் நொடித்துப்போனது.

நாம் வாழும் சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் ஓர் ஓரம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரம் சட்டைப் பொத்தானுக்கான சிப்பி ஓட்டில் செழித்த காலத்தில், அங்கே கடலில் இறங்க ஒப்பந்தக் கூலிகளாகப் போன மலாய்க்காரர்களையும் மற்ற ஆசியர்களையும் ஆள் சேர்த்து அனுப்பிய துறைமுகங்களில் சிங்கப்பூரும் ஒன்று.

சிராங்கூன் ரோட்டிலோ ஆர்ச்சர்டிலோ இன்று நீங்கள் பார்க்கும் முத்துகள் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துதான். அது போலி என்று நினைத்துவிடாதீர்கள். சிப்பி உயிருள்ளது, நேக்கரும் உண்மையானது, தொடக்கம் மட்டும் மனிதக் கையால். ஜப்பானின் அகோயா முத்திலும், ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து வரும் பெரிய தென்கடல் முத்திலும், கருமை படர்ந்த தாஹித்தி முத்திலும் நடுவே ஒரு மணி இருக்கும். மட்டியின் தடித்த ஓட்டைக் கடைந்து செய்த மணி அது. சீனாவின் நன்னீர் முத்துக்குப் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, மேன்டில் துண்டு மட்டும்தான். அதனால் மலிவான நன்னீர் முத்து கிட்டத்தட்ட முழுக்க நேக்கராகவே இருக்கும். தினசரி போட ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

துளையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பத்து மடங்கு லென்ஸ் வழியாகச் சரத்தில் இருக்கும் முத்தின் துளை ஓரத்தைப் பார்த்தால், மணி வைத்த முத்தில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். கோட்டுக்கு வெளியே இருப்பது நேக்கர், உள்ளே மணி. வெளிப்பகுதி காகிதம் போல மெலிதாக இருந்தால், சில வருட வியர்வையில் உரிந்துவிடும். கோடு இல்லாமல் துளை ஓரம் பெயின்ட் மாதிரி சிலும்பி, உள்ளே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது சாயம் பூசிய மணி. முன்பல்லில் மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பதும் பழைய வழிதான்: முத்து லேசாக நறநறக்கும், போலி வழுக்கும். ஆனால் இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதைப் பல் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே பரிசோதனை வேண்டும். இயற்கை முத்து என்று சொல்லி யாராவது விலை சொன்னால், நம்பகமான ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரே முத்து, பல பொருள்

சிலப்பதிகாரத்தில் வழக்கே முத்தில்தான் தீர்ந்தது. பாண்டியன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகி உடைத்த சிலம்பில் தெறித்தது மாணிக்கம். கொற்கையை ஆண்டவன் வீட்டுச் சிலம்பில் முத்து இருப்பதில் வியப்பில்லை. அந்த முத்துதான் அவன் தீர்ப்பு தவறு என்று காட்டிவிட்டது.

நவரத்தின மரபில் முத்து சந்திரனுக்கு உரியது. மனசுக்கும் தாய்க்கும் காரகன் சந்திரன் என்பதால், மன அமைதி வேண்டுவோர் வெள்ளியில் முத்து மோதிரம் செய்து திங்கள்கிழமை போட்டுக்கொள்வார்கள். தேக்காவில் ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நகைக்கடைக்கு வருபவர்கள் நிறைய. நம்பிக்கை இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கடன் வாங்கிப் பெரிய முத்து வாங்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்குள்ள தமிழ் முஸ்லிம் வீடுகளில் குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓதும்போது இரு கடல்களிலிருந்தும் வெளிப்படும் முத்தும் பவளமும் வருகின்றன. கிறிஸ்தவ வீடுகளில் விலையுயர்ந்த ஒரு முத்துக்காக உள்ளதையெல்லாம் விற்ற வியாபாரியின் உவமை தெரியாதவர் இல்லை. அங்கே முத்து பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பு. மூன்று சமயத்துக்காரரும் மன்னார் கரையில் முத்தோடு வாழ்ந்தவர்கள், இன்று ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள்.

நம் பக்கத்து வீட்டுப் பெரனாக்கான் பாட்டியிடம், அதாவது இங்கே குடியேறிய சீனரும் உள்ளூர் மக்களும் கலந்த மரபில் வந்தவரிடம், கேட்டால் வேறு பொருள் சொல்வார். நோன்யா எனப்படும் பெரனாக்கான் பெண்கள் துக்க காலத்தில் தங்கத்தையும் வைரத்தையும் ஒதுக்கிவிட்டு, வெள்ளியில் பதித்த முத்தைப் போடுவது வழக்கம். முத்து அவர்களுக்குக் கண்ணீரின் அடையாளம். ஆர்மேனியன் தெருவில் இருக்கும் பெரனாக்கான் அருங்காட்சியகத்துக்குப் போனால் அவர்கள் நகை மரபைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். நமக்கு மங்கலமான பொருள், பக்கத்து வீட்டில் துக்கத்துக்கு உரியதாக இருந்திருக்கிறது. வயதான பெரனாக்கான் தோழிக்குக் கல்யாணப் பரிசாக முத்து வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மேற்கத்திய வழக்கத்தில் முத்து ஜூன் மாதப் பிறப்புக் கல், 30ஆவது திருமண நாளுக்கான பரிசும் அதுதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் முறை

நம் வீடுகளில் நகை கழுவும் முறையை முதலில் விட வேண்டும். புளி, எலுமிச்சை, பூந்திக்கொட்டை, டூத்பேஸ்ட், வெள்ளிக்கு விபூதி என்று தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பழகிய எதுவும் முத்துக்கு ஆகாது. புளியும் எலுமிச்சையும் அமிலம், முத்தின் மேல்பூச்சைத் தின்றுவிடும். டூத்பேஸ்ட்டும் விபூதியும் நுண்ணிய பொடி, தேய்த்தால் ஒளி போய்விடும். கடைகளில் நகையை முக்கி எடுக்கும் அல்ட்ராசோனிக் கருவியும் நீராவியும் வேண்டவே வேண்டாம். நவரத்தின மோதிரத்தை மெருகு போடக் கொடுக்கும்போது, "இதில் முத்தும் பவளமும் இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அளவு மாற்ற வேண்டுமென்றால், நெருப்பு காட்டுவதற்கு முன் முத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

சென்ட், ஹேர் ஸ்ப்ரே, பவுடர் எல்லாம் போட்டு, சேலையும் கட்டி முடித்த பிறகு கடைசியில் முத்தைப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். இந்த ஊர் வெக்கையில் கோயிலுக்கு நடந்து போய் வந்தாலே கழுத்து நனைந்துவிடும். வியர்வையிலும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான பருத்தித் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, படுக்கை வசத்தில் துணி மேல் காய விடுங்கள். ஈரத்தோடு தொங்கவிட்டால் நூல் நீண்டுவிடும். முத்து மோதிரத்தோடு பாத்திரம் கழுவவும் நீச்சல் குளத்தில் இறங்கவும் கூடாது. மோதிரத்தில் பாதி துளைத்த முத்தைக் கம்பியில் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள், ஊறினால் கழன்றுவிடும்.

இனி சேமிப்பு. சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் முத்துக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாது. நாம் அந்த ஈரத்துக்குப் பயந்து செய்யும் ஏற்பாடுகள்தான் கெடுக்கின்றன. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாங்கிய டிரை கேபினெட்டில் நகைப் பெட்டியையும் வைக்கிறோம். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுகிறோம். வங்கிப் பெட்டக அறையில் இரவும் பகலும் ஏர்கான் ஓடுகிறது. தங்கத்துக்கு இதெல்லாம் சரி. முத்திலிருந்து மட்டும் நீர் மெதுவாக வற்றிக்கொண்டே போகும். விரிசல் விழுந்த நேக்கரைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பத்தராலும் முடியாது. எண்ணெய் தடவினால் சரியாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்டுச் செய்யாதீர்கள், அது துளைக்குள் இறங்கி நூலையும் முத்தையும் மஞ்சளாக்கிவிடும்.

படுக்கையறை மேசை இழுப்பறையில், தனியாக ஒரு பருத்தி அல்லது பட்டுப் பையில் வைத்தாலே போதும். வைரமும் தங்கச் சங்கிலியும் கிடக்கும் பெட்டியில் சேர்த்துப் போட்டால் கீறல் விழும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் வேண்டாம். பெட்டகத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால், அவ்வப்போது எடுத்து வந்து சில நாள் வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் என்று சாக்குக்கா பஞ்சம்? வேலைக்குப் போகும்போது சட்டைக்குள் போட்டுக்கொண்டாலும் சரிதான்.

நூலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, என் வேலையே அதுதான். நல்ல சரத்தில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு சின்ன முடிச்சு இருக்கும். பட்டுநூலில் முத்தை ஏற்றி, முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதற்குள் ஊசி முனையை விட்டு, முத்தை ஒட்டி வரும்வரை நகர்த்திய பிறகுதான் இறுக்க வேண்டும். ஒரு சரத்துக்கு இதையே முத்துக்கு முத்து செய்ய வேண்டும். இந்த முடிச்சால் முத்துகள் ஒன்றோடொன்று உரசாது. எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், மற்றவை நிற்கும். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, நூல் பழுப்பேறியிருந்தாலோ மறுபடி கோர்க்கும் நேரம் வந்துவிட்டது. அடிக்கடி போடுபவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கோர்த்துக்கொள்வது நல்லது. நைலான் நூல் வேண்டாம், பட்டு என்று கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் முத்துகளை எண்ணி, சரத்தை ஒரு படம் எடுத்து, எண்ணிக்கையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். புதிதாகக் கோர்த்த சரம் முதலில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், சில தடவை போட்ட பிறகு கழுத்தோடு படிந்துவிடும்.